இனங்காணலின் அரசியல்: ஐரோப்பியக் காட்டு வயலட்டை முன்வைத்து

1

ஒரு செடியை 'இன்னது' என்று பெயர்சொல்லி அடையாளப்படுத்துவது ஓர் அதிகாரச் செயல்பாடு என்று சொன்னால் நம் நண்பர்கள் உடனே தலையாட்டுவார்கள். கடந்த முப்பது வருஷமாக நமக்குப் பழகிப்போன வாக்கியம் அது. வகைப்படுத்தல் என்றால் வன்முறை; பெயரிடல் என்றால் ஆக்கிரமிப்பு; எல்லை என்றால் புனைவு. இந்தச் சமன்பாடுகளைக் கையில் வைத்துக்கொண்டு எதைப்பற்றி வேண்டுமானாலும் நாலு பக்கம் எழுதிவிடலாம், அந்த 'எதை'யும் ஒருதடவைகூட உற்றுப் பார்க்காமலே. இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கு எதிரானது. இதற்காக நான் எடுத்துக்கொள்ளும் பிரதி கவிதையோ நாவலோ இல்லை. ஐரோப்பியத் தாவர நூல்களில் காட்டு வயலட்டுகளை இனங்காண்பதற்காகத் தரப்பட்டிருக்கும் 'திறவுகோல்' என்ற பகுதி.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஐரோப்பியப் பூவோடு என்ன சோலி என்று கேட்கலாம். குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களை மனப்பாடம் பண்ணித் தேர்வு எழுதியவர்கள் நாம். அவற்றில் எத்தனையை நேரில் கண்டு 'இதுதான் அது' என்று கைகாட்ட முடியும்? அகராதியைப் புரட்டினால் 'ஒருவகைப் பூ', 'ஒரு மரவகை' என்று இருக்கும். பெயர் மிஞ்சியிருக்கிறது, பூ தொலைந்துவிட்டது. ஐரோப்பியக் காட்டில் நேர் எதிரான சிக்கல். பூ கண்ணெதிரே இருக்கிறது. அதற்கு எந்தப் பெயர் என்பதுதான் வழக்கு. அந்த வழக்கைத் தீர்ப்பதற்கென்றே எழுதப்பட்ட பிரதி, எப்படிப் பார்க்கவேண்டும் என்று வாசகனுக்குக் கட்டளையிடும் பிரதி. அதை வாசிப்பது விமர்சகனின் வேலைதான்.

'இனங்காணல்' என்ற தமிழ்ச் சொல்லைக் கவனியுங்கள். அதில் இனமும் இருக்கிறது, காணலும் இருக்கிறது. நம் விவாதங்களில் முதல் பாதிமட்டும் தங்கிவிட்டது. இரண்டாம் பாதி உதிர்ந்துபோனது.

2

மார்ச் கடைசியில், ஏப்ரலில், பீச் மரமும் ஓக் மரமும் இன்னும் இலை மூடாத நாட்களில், ஐரோப்பியக் காடுகளில் வெயில் தரைவரைக்கும் இறங்கும். அந்தச் சில வாரங்களுக்குள் பூத்துவிடும் செடிகளில் ஒன்று வயலட். ஐந்து இதழ், நீலமும் ஊதாவும் கலந்த நிறம், இதய வடிவ இலை. கீழ் இதழ் பூவுக்குப் பின்பக்கமாக ஒரு சின்ன வால்போல நீண்டிருக்கும். தேன் சேர்வது அந்த வாலுக்குள்தான். கதேயும் வேர்ட்ஸ்வொர்த்தும் இந்தப் பூவைப் பாடியிருக்கிறார்கள். ஒருவருக்கு அது மிதிபட்டுச் சாகும் காதல்; இன்னொருவருக்கு யார் கண்ணிலும் படாத பெண். கவிதைக்கு 'வயலட்' என்ற ஒற்றைச் சொல் போதும். எந்த வயலட் என்று கேட்பது தாவர நூல்.

முதல் பிரிப்பு சுலபம். புல்லி இதழ்களின் நுனி மழுங்கி, இலையும் பூவும் தரையோடு ஒட்டிய அடிப்பகுதியிலிருந்தே கிளம்பி, மணமும் இருந்தால் அது 'மணமுள்ள வயலட்' (வயோலா ஒடொராட்டா). புல்லி இதழ்கள் கூர்மையாக, இலைகளோடு கூடிய தண்டு மேலெழுந்து, மணம் இல்லாமல் இருந்தால் அது 'நாய் வயலட்' கூட்டத்தைச் சேர்ந்தது. சிக்கல் இங்கேதான் ஆரம்பம். காட்டுத்தரையில் இந்தக் கூட்டத்தில் இரண்டு சிற்றினங்கள் அக்கம்பக்கமாக வளர்கின்றன. ஒன்று வயோலா ரைஹன்பாக்கியானா. மற்றது வயோலா ரிவினியானா. வசதிக்காக ரைஹன்பாக் வயலட், ரிவினஸ் வயலட் என்று வைத்துக்கொள்வோம்.

ரைஹன்பாக் வயலட்டின் வால் மெலிந்து, நேராக, இதழைவிட அடர்ந்த ஊதா நிறத்தில் இருக்கும். ரிவினஸ் வயலட்டின் வால் தடித்து, வெளிறி, வெள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும். நுனியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். முன்னதின் இதழ்கள் குறுகலானவை, ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும்; பின்னதின் இதழ்கள் அகலமானவை, ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். புல்லி இதழ்களின் அடியில் பின்னோக்கி நீளும் சிறு மடல்கள் முன்னதில் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவு குட்டையானவை. பின்னதில் பெரியவை, காய் முதிரும்போது இன்னும் பெரிதாகும். முன்னது இரண்டு மூன்று வாரம் முந்திப் பூக்கும். முன்னதுக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணும் மரநிழலும் பிடிக்கும். பின்னது காடு, வேலியோரம், புல்வெளி, மலைச்சரிவு என்று எங்கும் குடியேறும்.

இந்த அடையாளங்களைத் திறவுகோல் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் அடுக்குகிறது. இரண்டிரண்டு வாக்கியமாக வரும்: வால் அடர்நிறமா, வெளிறியதா? ஒன்றைத் தேர்ந்துகொள், அடுத்த இரட்டைக்குப் போ. மூன்றாவது பதிலுக்கு இடமில்லை. இந்த வடிவத்தைப் பரவலாக்கியவர் லமார்க். 1778ஆம் ஆண்டைத் தாங்கி வந்த அவருடைய 'பிரெஞ்சுத் தாவரங்கள்' நூல் லத்தீனை விட்டுவிட்டு பிரெஞ்சில் எழுதப்பட்டது. பேராசிரியரின் தயவு இல்லாமல், எழுத்துத் தெரிந்த எவரும் ஒரு செடியின் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் அதன் வாக்குறுதி. அச்சிட்டது அரசரின் அச்சகம். பிரெஞ்சுப் புரட்சிக்கு இன்னும் பத்து வருஷம்.

இந்த இரட்டைத் தன்மையை நாம் தவறவிடக் கூடாது. திறவுகோல் ஓர் இருமை எதிர்வு இயந்திரம் என்பது உண்மை. அதே சமயம் அது வழிமுறையைப் பகிரங்கப்படுத்துகிறது. 'நான் சொல்கிறேன், இது இதுதான்' என்று ஆசான் வாக்குரைக்கும் இடத்தில், 'வாலைப் பார், மடலைப் பார், நீயே முடிவுசெய்' என்கிறது. தீர்ப்பை மறுப்பதற்கான கருவியையும் தீர்ப்போடு சேர்த்தே கொடுக்கிறது. நம்முடைய விமர்சனக் கட்டுரைகளில் எத்தனை இப்படிச் செய்கின்றன?

ஃபூக்கோ 1966இல் வெளியான 'சொற்களும் பொருள்களும்' நூலில் பதினெட்டாம் நூற்றாண்டின் இயற்கை வரலாறு பற்றிச் சொன்னது தெரிந்ததே. செடியின் வாசனை, சுவை எல்லாம் கழிக்கப்படுகின்றன. எண்ணிக்கை, வடிவம், அளவு, அமைவு ஆகிய நான்கும்தான் அறிவாக அங்கீகரிக்கப்படுகின்றன. லின்னேயஸ் 1751இல், நிறத்தை அளவுக்குமேல் நம்பவேண்டாம் என்று தம் வாசகர்களை எச்சரித்தார். சரி. ஆனால் நம் வயலட் திறவுகோலில் முதலில் வந்து நிற்பது எது? வாலின் நிறம். கழிக்கப்பட்டது பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு சொல்லாடல் தனக்கு விதித்துக்கொண்ட விதியை அதன் கீழ்மட்ட வேலை நாள்தோறும் மீறிக்கொண்டிருக்கிறது. கள வேலைக்காரர்களின் கண்ணுக்கும் கோட்பாட்டு நூலின் முன்னுரைக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியை ஃபூக்கோவை மட்டும் வாசித்தால் பிடிக்க முடியாது. திறவுகோலையும் வாசிக்கவேண்டியிருக்கிறது.

3

இனி பெயர்கள். 'நாய்' எங்கிருந்து வந்தது? லின்னேயஸ் 1753இல் ஒரு வயலட்டுக்கு 'நாயினுடையது' என்று பொருள்படும் வயோலா கனினா என்ற பெயரை நிலைநிறுத்தினார். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றிலும் நாய் வயலட் என்ற பெயர் உண்டு. நாய்க்கும் செடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மனிதர் மூக்குக்கு மணக்கவில்லை, அவ்வளவுதான் அது செய்த குற்றம். மணப்பது அசல், மணக்காதது நாய்க்கு. நமக்கு இது புதிதல்ல. நாய்வேளை, நாய்த்துளசி, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று நம்மிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. உண்ணத் தகுந்தது, பூசைக்குத் தகுந்தது ஊருக்குள். மற்றது நாய்க்கும் பேய்க்கும். தாவரப் பெயர்களில் ஊர் – சேரி வரைபடம் ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அறிவியல் பெயர்களின் கதை வேறு மாதிரி. 1823இல் ரைஹன்பாக் என்ற ஜெர்மானியர், தமக்கு ஒரு நூற்றாண்டு முன்பு லைப்சிக்கில் வாழ்ந்த ரிவினஸ் என்ற பேராசிரியரின் பெயரை ஒரு வயலட்டுக்குச் சூட்டினார். பிறகு லியோனைச் சேர்ந்த அலெக்சி ஜோர்டான் இன்னொரு வயலட்டுக்கு ரைஹன்பாக்கின் பெயரைச் சூட்டினார். அது 1857இல் பொரோவின் நூல் வழியாக வெளிவந்தது. ஒருவர் பெயரை ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வரிசையாகப் போகிறார்கள். (நம் சிறுபத்திரிகைகளில் நடக்காததா என்ன.) காட்டில் விறகு பொறுக்கிய பெண்கள் இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னார்களா, எந்தச் சொல்லால் சொன்னார்கள் என்பதற்கு அந்த வரிசையில் இடமில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் நம் வழக்கமான கட்டுரை தயார். பெயரிடலின் அதிகாரம் அம்பலமாகிவிட்டது, கைதட்டலாம். ஆனால் ஜோர்டானைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் சங்கதி சிக்கலாகிறது. அவர் தீவிரக் கத்தோலிக்கர். சிற்றினங்கள் கடவுள் படைத்தபடியே மாறாமல் இருக்கின்றன என்ற நம்பிக்கை உள்ளவர். பரிணாமத்துக்கு எதிரி. அந்த நம்பிக்கையை நிரூபிக்கத்தான் தோட்டம் போட்டார். ஒவ்வொரு சிறு வேறுபாடும் விதைவழி மாறாமல் தொடர்கிறதா என்று வருஷக்கணக்கில் விதைத்துப் பார்த்தார். ட்ராபா வெர்னா என்ற, ஒரு விரல் உயரச் செடியை மட்டும் இருநூறு சிற்றினங்கள் வரைக்கும் உடைத்தார். சகாக்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் கண்ட வேறுபாடுகள் அநேகமாகக் கற்பனை இல்லை. தன் மகரந்தத்தாலேயே விதை உண்டாக்கும் செடிகளில் அப்படித் தனித்தனி வழிகள் தொடர்வது உண்மை என்று பிற்பாடு தெரிந்தது. அவற்றைச் சிற்றினம் என்று அழைக்கலாமா என்பதுதான் தகராறு. அவர் பிரித்த வயலட் இன்றைக்கும் நிற்கிறது.

எங்கெல்ஸ் 1888இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் பால்சாக்கைப் பற்றிச் சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது. அரசியலில் முடியாட்சிக்காரர், ஆனாலும் தன் அனுதாபங்களுக்கு எதிராகவே யதார்த்தத்தைக் கண்டார் என்பது எங்கெல்ஸின் வாதம். ஜோர்டான் விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். கருத்தியல் பிற்போக்கானது; பார்வை கூர்மையானது. கருத்தியலைச் சொல்லி ஆளை நிராகரித்தால் பார்வையையும் சேர்த்து இழப்போம். ஆளைக் கொண்டாடினால் கருத்தியலைச் சேர்த்து விழுங்குவோம். இரண்டையும் பிரித்து எடுப்பதற்குப் பெயர்தான் விமர்சனம்.

4

இப்போது திறவுகோலுக்கு அடங்காத செடி. வால் முழு ஊதாவும் இல்லை, வெளிறியதும் இல்லை. மடல் நடுத்தரம். இதழ் கொஞ்சம் அகலம், கொஞ்சம் விலகல். 'இதுவா, அதுவா?' என்ற கேள்விக்கு அது 'இதும் தான், அதும் தான்' என்கிறது. ரைஹன்பாக் வயலட்டும் ரிவினஸ் வயலட்டும் சேரும் இடத்தில் உண்டாகும் கலப்பு. அதற்கு வயோலா பவாரிக்கா என்று பெயர். பெயரின் நடுவில் கலப்பைக் குறிக்க ஒரு பெருக்கல் குறி போடுவார்கள்.

'கலப்பு' என்று கேட்டவுடன் நம் காதில் மனுவின் 'வர்ண சங்கரம்' ஒலிக்காமல் இருக்காது. மனு நூலின் பத்தாம் அத்தியாயம் கலப்பைத் தடுக்க முடியாது என்று தெரிந்தபிறகு என்ன செய்கிறது? யாருக்கும் யாருக்கும் பிறந்தால் என்ன பெயர், என்ன தொழில் என்று பட்டியல் போடுகிறது. மீறலையும் பெட்டிக்குள் அடைத்து, பெட்டிக்கு ஒரு பெயர் ஒட்டுகிறது. அந்தப் பெருக்கல் குறியும் அதே வேலைதானே என்று கேட்கத் தோன்றும். எல்லைகள் பொய், கலப்பே உண்மை, விளிம்பில் நிற்கும் இந்தச் செடி மையத்தைத் தகர்க்கிறது என்று ஒரு பத்தி எழுதிவிடலாம். எழுத நன்றாகத்தான் இருக்கும்.

நான் அப்படி எழுத மறுக்கிறேன். காரணம் செடிக்குள்ளேயே இருக்கிறது. ரைஹன்பாக் வயலட்டின் குரோமோசோம்கள் 20. ரிவினஸ் வயலட்டுக்குப் பொதுவாக 40. கலப்புக்கு இரண்டிலும் பாதிப்பாதி, 30. இணை சேராத குரோமோசோம்களால் அது பெரும்பாலும் மலடு. விதை பிடிப்பதில்லை, பிடித்தாலும் மிகச் சொற்பம். இந்த எல்லையை ரைஹன்பாக்கோ ஜோர்டானோ உண்டாக்கவில்லை. அவர்கள் பிறக்காவிட்டாலும் அது இருந்திருக்கும். பெயர் சரித்திரத்தில் உண்டானது; வித்தியாசம் அந்தப் பெயருக்கு முந்தியது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இந்த 40 எங்கிருந்து வந்தது? ரிவினஸ் வயலட்டே ஒரு பழைய கலப்பு. எப்போதோ இரண்டு மூதாதை வழிகள் கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்து, அதனால் மலட்டுத்தன்மை நீங்கி, தனி இனமாக நிலைத்தது. அந்த மூதாதைகளில் ஒன்று ரைஹன்பாக் வயலட்டோ அதற்கு மிக நெருங்கிய உறவோ என்பது இன்றைய கருத்து. இன்றைய 'தூய' சிற்றினம் நேற்றைய சங்கரம். எல்லை உண்மை, அது என்றென்றைக்கும் உரியது என்பது பொய். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே நேரத்தில் கையில் பிடிக்க முடியாதவர்கள்தான் ஒன்று 'எல்லாம் இயற்கை' என்று விழுகிறார்கள், அல்லது 'எல்லாம் புனைவு' என்று விழுகிறார்கள். இரண்டுமே பார்க்காமல் தப்பிக்கும் வழிகள்.

இப்போது லின்னேயஸின் இன்னொரு பக்கத்தைத் திறக்கலாம். 1758இல் வந்த அவருடைய 'இயற்கையின் ஒழுங்கமைப்பு' பத்தாம் பதிப்பு மனிதர்களை நான்காகப் பிரிக்கிறது. தோல் நிறம், சுபாவம், உடை என்று ஒவ்வொரு பிரிவுக்கும் வர்ணனை. அமெரிக்கப் பூர்வகுடிகள் வழக்கத்தால் ஆளப்படுகிறவர்கள், ஆசியர் அபிப்பிராயத்தால் ஆளப்படுகிறவர்கள், ஆப்பிரிக்கர் மனம்போன போக்கால் ஆளப்படுகிறவர்கள், ஐரோப்பியர் மட்டும் சட்டத்தால் ஆளப்படுகிறவர்கள் என்கிறது அந்தப் பிரதி. பூவில் நிறத்தை அதிகம் நம்பவேண்டாம் என்று சொன்னவர் மனிதனில் நிறத்தை முதல் குறியாக்கினார்.

வயலட்டுக்குப் போட்ட கோடும் மனிதனுக்குப் போட்ட கோடும் ஒரே பேனாவால் போட்டவை. ஆனால் இரண்டும் ஒரே கோடு அல்ல. வயலட் கோட்டின் மறுபுறம் 20, 40, 30 என்று எண்ணிச் சரிபார்க்க முடிகிறது. கலப்பு விதை பிடிக்காமல் போகிறது. மனிதக் கோட்டின் மறுபுறம் அப்படி ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் அதே 46, எந்தக் 'கலப்பு'க்கும் பிள்ளை பிறக்கும். சாதிக்கு உடம்பில் ஓர் அடையாளமும் கிடையாது. அதனால்தான் அதற்குப் பெயரும் தெருவும் கிணறும் சுடுகாடும் தேவைப்பட்டன. 'எல்லா வகைப்பாடும் புனைவு' என்று சொல்லும்போது நாம் இந்த வித்தியாசத்தை அழிக்கிறோம். சாதியையும் வயலட்டையும் ஒரே தட்டில் வைக்கிறோம். அது சாதிக்குத்தான் சாதகம். எல்லாமே புனைவு என்றால் சாதியும் மற்றவற்றைப்போல ஒரு புனைவு என்றாகிவிடும், அதன் பொய் தனியாகத் தெரியாது.

தாவரவியல் தமிழில் பேரினம், சிற்றினம் என்பவை அளவைச் சொல்லும் சாதாரணக் கலைச்சொற்கள். அரசியலில் 'பேரினவாதம்' என்றால் ரத்தம் தோய்ந்த சொல். ஒரே சொல் ஓர் இடத்தில் கருவி, இன்னோர் இடத்தில் ஆயுதம். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

5

அப்படியே இருக்கட்டும், வால் ஊதாவா வெளிறியதா என்பதில் யாருக்கு என்ன நட்டம்? இந்தக் கேள்விக்குப் பதில் எறும்பிலிருந்து தொடங்குகிறது.

வயலட்டின் வசந்தகாலப் பூ பெரும்பாலும் ஒரு காட்சிதான். பூச்சி வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. கோடையில், மரங்கள் இலைமூடி நிழல் இறங்கியபிறகு, செடி இன்னொரு வகைப் பூவை உண்டாக்குகிறது. அது திறக்கவே திறக்காது. இதழ் காட்டாது, மணமும் கிடையாது. உள்ளுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து காய் பிடிக்கும். விதைகளில் பெரும்பங்கு இந்த மூடிய பூக்களிலிருந்தே வருகிறது. கவிஞர்களும் திறவுகோலும் பார்த்தது ஏப்ரல் பூவை. சந்ததியை நடத்திச்செல்வது யாரும் பார்க்காத ஜூலைப் பூ.

காய் மூன்றாகப் பிளந்து விதைகளைக் கொஞ்ச தூரம் தெறிக்கவிடும். விதையின் ஒரு முனையில் எண்ணெய்ச் சத்துள்ள ஒரு சிறு சதை ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், சதையைத் தின்றுவிட்டு விதையை வெளியே தள்ளிவிடும். தெறித்த தூரமும் எறும்பு இழுத்த தூரமும் சேர்த்தால் சில மீட்டர். பறவை வயிற்றில் ஏறி ஊர் தாண்டும் விதை அல்ல இது. அதனால் நிழல்விரும்பியான ரைஹன்பாக் வயலட் ஒரு காட்டுக்குள் பரவலாக இருக்கிறதென்றால், அந்தக் காடு நெடுங்காலம் அறுபடாமல் அங்கே இருந்திருக்கிறது என்று ஊகிக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

இந்த ஊகம் இங்கிலாந்தில் ஓர் ஆவணமாகவே மாறியது. ஜார்ஜ் பீட்டர்கென் 1974இல் வெளியிட்ட கட்டுரையில், பழங்காடுகளைச் சுட்டும் செடிகளின் பட்டியலை வைத்து ஒரு காட்டின் மதிப்பைக் கணிக்கும் முறையை முன்வைத்தார். ஆலிவர் ராக்கம் மடாலயக் கணக்குகளையும் பழைய வரைபடங்களையும் தரையில் கண்ட செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு காட்டின் சரித்திரத்தை எழுதினார். 1600ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாக இருந்துவரும் நிலம் அங்கே 'பழங்காடு' எனப்படுகிறது. தென் இங்கிலாந்துக்கான சுட்டிப் பட்டியல்களில் ரைஹன்பாக் வயலட் இடம்பெறுகிறது. எங்கும் வளரும் ரிவினஸ் வயலட்டுக்குப் பொதுவாக அந்தத் தகுதி தரப்படுவதில்லை. பட்டா இல்லாத நிலத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் சாட்சி சொல்வதுபோல, காகிதம் இல்லாத காட்டுக்குச் செடிகள் சாட்சி சொல்கின்றன. சாட்சி யார் என்று தெரியாமல் சாட்சியத்தை ஏற்க முடியாது. வாலின் நிறம் நிலத்தின் வழக்காக மாறும் இடம் இது.

இரண்டு விஷயங்களை இங்கே அடிக்கோடிட வேண்டும். ஒன்று, ஒரு செடியை வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. பட்டியலில் உள்ள பல செடிகள் சேர்ந்து நிற்கவேண்டும். வரைபடமும் மண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒற்றைக் குறி எதையும் நிரூபிக்காது. இரண்டு, இந்தக் 'காட்டுப் பூ' வரலாற்றுக்கு வெளியே உள்ளது அல்ல. அந்தக் காடுகளில் நூற்றாண்டுகளாகத் தொழிலாளர்கள் மரங்களை அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து துளிர்க்கவிட்டு, சில வருஷம் கழித்து மறுபடி வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெளிச்சம் விழும், வயலட் செழிக்கும். வயலட்டைத் தின்று வளரும் ஃப்ரிட்டில்லரி வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களும் வெயில்பட்ட அந்த இடங்களில்தான் வளரும். இருபதாம் நூற்றாண்டில் அந்த வேலை அருகியது, காடு இருண்டது, வண்ணத்துப்பூச்சிகளும் அருகின. மனிதக் கை படாத இயற்கை என்று சுற்றுலாக்காரர் ரசிப்பது பாதிக்குமேல் கோடரி பிடித்தவர்களின் உழைப்பு. 'காடு' என்ற சொல்லிலிருந்து உழைப்பை அழித்துவிட்டுப் பேசும் பசுமைவாதத்துக்கு வயலட்டே மறுப்பு.

சரியாக இனங்கண்டால் காடு பிழைத்துவிடுமா? இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கை பழங்காட்டை ஈடுசெய்ய முடியாத வாழிடம் என்று சொல்கிறது. முற்றிலும் விதிவிலக்கான காரணம் இருந்தால் மட்டுமே அழிக்கலாம் என்று 2018இலிருந்து சொல்கிறது. ஆனால் லண்டன் – பர்மிங்காம் அதிவேக ரயில்பாதைக்கு 2017இலேயே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுவிட்டது. 2020இல் போராட்டக்காரர்கள் மரங்களில் ஏறி உட்கார்ந்தார்கள். பழங்காடுகளின் பகுதிகள் வெட்டப்பட்டன. பழைய காட்டின் மண்ணை அள்ளிக்கொண்டுபோய் வேறு இடத்தில் பரப்பி, அதை ஈடு என்றார்கள். ஈடுசெய்ய முடியாதது என்று ஒப்புக்கொண்டதற்கே ஈடு. அங்கே இனங்காணலில் பிழை இல்லை. அறிவு அதிகாரத்தின் கையில் மட்டும் இருக்கிறது என்ற நம் எளிய சூத்திரம் இங்கே தலைகீழாகிறது: அறிவு மரத்தில் ஏறியவர்கள் பக்கம் இருந்தது, அதிகாரம் அதை அறிந்தே தாண்டிப்போனது. அந்த அறிவும் இல்லாமலிருந்தால், அழிந்தது என்னவென்று சொல்லக்கூட வாய் இருந்திருக்காது.

6

நம்முடைய இலக்கிய விமர்சனம் இன்றைக்கும் ஒற்றைக் குறித் திறவுகோலை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. வட்டார வழக்கு இருக்கிறதா? ஒரு பெட்டி. காலம் முன்பின் மாறுகிறதா? இன்னொரு பெட்டி. எழுதியவரின் சாதி தெரிந்துவிட்டதா? கதையைப் படிக்கவே வேண்டாம். இதற்கு எதிர்வினையாகக் கிளம்பியவர்கள் 'பெட்டிகளே வேண்டாம், பிரதியின் பன்மையைக் கொண்டாடுவோம்' என்றார்கள். அவர்களும் பிரதியைப் படிக்கவில்லை. தலித் எழுத்து என்ற அடையாளம் எங்கே போராட்டத்தின் கருவியாகிறது, எங்கே பதிப்பகத்தின் விற்பனைச் சீட்டாகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் சொல்லமுடியும். அந்தப் பார்ப்பதற்கு மாற்றாக எந்தச் சூத்திரமும் கிடையாது.

எந்த வகைப்பாட்டையும் எதிர்கொள்ளும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம் என்பது என் யோசனை. இது எந்தக் குறிகளைப் பார்க்கிறது, எவற்றைப் பார்க்க மறுக்கிறது? இந்தக் கோட்டைச் சரிபார்க்க வழி சொல்கிறதா, அல்லது நம்பு என்கிறதா? கோட்டை அழித்தால் யாருக்கு நட்டம், வைத்திருந்தால் யாருக்கு லாபம்? வயலட் திறவுகோல் முதல் கேள்வியில் தடுமாறும், இரண்டாவதில் தேறும், மூன்றாவதில் காட்டின் பக்கம் நிற்கும். சாதி மூன்றிலும் தோற்கும். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் கண்டிக்கும் கோட்பாடு நமக்கு எதற்கும் உதவாது.

திறவுகோலுக்கு அடங்காத அந்தச் செடியைக் கள ஆய்வாளர்கள் எப்படித் தீர்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் பூவை வைத்து முடிவுகட்டுவதில்லை. இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோடையில், பூவெல்லாம் போய் யாரும் வராத காலத்தில், மறுபடி அதே இடத்துக்குப் போய்க் குனிந்து, மூடிய பூக்கள் காய் பிடித்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.